ஏழாம் லாட்டுக்கு ஒரே இரத்தக்குழாய்

வாணியம்பாடி பஸ் நகரத் தொடங்கிவிட்டது. சுந்தரி ஓடினாள். ஓடாதே என்றது அவள் நெஞ்சு. ஓடு என்றது ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக் கடிகாரம். படிக்கட்டில் ஒரு காலை வைத்துவிட்ட அந்தப் பருமனான மனிதரின் இடது கையை எட்டிப் பிடித்துப் பலம் கொண்ட மட்டும் இழுத்தாள்.

அவர் இறங்கிவிட்டார். இறங்காமல் என்ன செய்வார்? இழுத்தவளும் லேசுப்பட்ட எடை இல்லை.

"நீங்க... ஜியாவுல்லா பாய்தானே?" மூச்சு பாதி, கேள்வி பாதி.

"இன்னாம்மா இது அக்கிரமம்? கையை விடு! எம்பேரு வரதராஜு. பேர்ணாம்பட்டுல மெத்தைக் கடை."

"சத்தியமா?"

"எம்பேரு எனக்குத் தெரியாதா? பஸ்ஸு போயே போச்சு பாரு. யாரும்மா அந்த பாய்? உன் வூட்டுக்காரரா?"

"இல்லீங்க. அவருகிட்டதான் என் ரத்தக்குழாய் இருக்குது."

வரதராஜு அவளை ஏற இறங்கப் பார்த்தார். மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். பிறகு, அவருடைய உடம்புக்குச் சற்றும் பொருந்தாத வேகத்தில் கூட்டத்தில் மறைந்து போனார்.

சுந்தரி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். இடது தோளிலிருந்து தாடை வரை ஒரு கயிறு முறுக்கேறிக்கொண்டே போனது. முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஜியாவுல்லாவைப் பிடித்து வாரியத்தின் முன்னால் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு. நிறுத்தாவிட்டால் அடுத்த வாய்ப்பு தீபாவளிக்குப் பிறகு. தீபாவளி வரை இந்த நெஞ்சு காத்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

சுந்தரிக்குப் பைத்தியம் இல்லை. பைத்தியம் பிடித்திருந்தது வேறு ஓரிடத்துக்கு. அதற்கு மூன்று மாடியும் ஒரு லிப்டும் இருந்தன. லிப்ட் அலுவலர்களுக்கு மட்டும்.

*

பாலாற்றுத் தோல் பகுதி இரத்தநாள நல வாரியம் என்பது அதன் பெயர். எங்கோ ஒரு வெளிநாட்டில், உடல் பருமனான சிலருக்குக் கிரீன் டீ கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இரத்தக்குழாயின் விறைப்பு கொஞ்சம் தளர்வது போலத் தெரிகிறது, ஆனால் உறுதியாகச் சொல்வதற்கில்லை, இன்னும் பலரிடம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரையை வாரியம் தமிழில் மொழிபெயர்த்துச் சுவரில் ஒட்டியிருந்தது. 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பிறகு இடமில்லாததால் விட்டுவிட்டார்கள்.

தோல் பதனிடும் டேனரியும் ஷூ கம்பெனியும் ஒரே காம்பவுண்டில் இருந்தன. அங்கே யாருக்கெல்லாம் இடுப்பு பெருத்திருந்ததோ, அவர்களெல்லாம் வாரியத்தின் கட்டாய உறுப்பினர்கள். அளந்தது தோல் அளக்கும் டேப்பால். ரம்ஜானுக்குப் பிறகு இராணிப்பேட்டைக் கிளையிலிருந்து மாற்றலாகி, தையல் லைன் சூப்பர்வைசராக வந்த சுந்தரியை முதல் நாளே அளந்து, ஏழாம் லாட் என்ற குழுவில் சேர்த்துவிட்டார்கள்.

வாரியத் தலைவர் ஜெயப்பிரகாஷ் மருத்துவம் படித்தவர் அல்ல. ஏற்றுமதித் தோலுக்குத் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர். இதை ஒரு குறையாக அவர் நினைக்கவில்லை. மாதம் ஒரு முறை டீ ஷெட்டில் ஒரே உரையை ஆற்றுவார்.

"தொழிலாளத் தோழர்களே! தோல் ஏன் அழுகுவதில்லை? மரப்பட்டையில் இருக்கும் துவர்ப்பு அதற்குள் இறங்குவதால். கிரீன் டீயில் இருப்பது என்ன? அதே துவர்ப்பு! வெளியே இருக்கிற தோலைத் தலைமுறை தலைமுறையாகப் பதப்படுத்திய இந்த ஊர், உள்ளே ஓடுகிற குழாயைப் பதப்படுத்த முடியாதா? உலகத்துக்கு இது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது."

கைத்தட்டல் எழும். போன மாதம் கைத்தட்டல் அடங்கியதும் ஹீனா எழுந்து நின்றாள். தையல் லைனில் சுந்தரிக்கு அடுத்த மெஷின்காரி. குச்சி போல இருப்பாள், அதனால் வாரியத்தின் அன்பு அவளைத் தொடவில்லை.

"சார், ஒரு டவுட்டு. உசுரோட இருக்கிற ஆட்டுத் தோலுக்கு யாரும் பதம் போட மாட்டாங்களே. செத்தப்புறம்தானே போடுவாங்க?"

தலைவர் புன்னகை செய்தார். "அருமையான கேள்வி. அதனால்தான் நாம் முன்கூட்டியே தொடங்குகிறோம்."

அதற்கும் கைத்தட்டினார்கள்.

தினமும் மூன்று மணிக்கு டீ. சர்க்கரை கிடையாது. தகர ஷெட்டுக்குள் ஏழாம் லாட் வரிசையாக நிற்கும். டேனரியின் சுண்ணாம்பு நாற்றமும் அந்தப் பச்சைத் தண்ணீரின் ஆவியும் சேர்ந்து, நோயாளியின் அறையைத் திறந்தது போல ஒரு வாடை முகத்தில் அடிக்கும். ஒலிபெருக்கி பெயர் பெயராகக் கூப்பிடும். ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் குடிக்க வேண்டும்.

"சின்னசாமி?"

"இருக்கேன்."

"சுந்தரி?"

"இருக்கேன்."

"ஜியாவுல்லா?"

கூட்டத்துக்குள் எங்கிருந்தோ பதில் வரும். "இருக்கேன்."

ஒரு நாள் இடது பக்கத்திலிருந்து, ஒரு நாள் தூணுக்குப் பின்னாலிருந்து. ஒரு நாள் அடித்தொண்டையில், ஒரு நாள் கீச்சென்று. சுந்தரி திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் எல்லா முகங்களும் டம்ளருக்குள் இருக்கும். அந்த ஆளை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதைப் பற்றி யோசித்ததும் இல்லை, நெஞ்சு வலிக்கத் தொடங்கும் வரை.

*

கட்டிங் பிரிவிலிருந்து தோல் கட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போதுதான் முதலில் வந்தது. பாதிப் படியில் சுவரோடு சாய்ந்து நின்றவளை ஹீனாதான் பார்த்தாள்.

"சுந்தரிக்கா, உதடெல்லாம் வெளுத்துப் போச்சு. இது வெறும் கேஸ் ட்ரபுள் கிடையாது. வேலூருக்குப் போவணும்."

போவதற்கு வாரியத்தின் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் போனால் செலவு அவள் தலையில். லீவு போட்டால் லைன் வேறு ஆளுக்குப் போய்விடும். வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது ஒன்றுதான். சுந்தரி வாரியக் கட்டடத்துக்குப் போய், மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கியபடி ஜன்னலில் நின்றாள்.

உள்ளே இருந்தவர் கணினியைத் தட்டினார். "ஏழாம் லாட்டா? அடேங்கப்பா! உங்களுக்கு எதுக்கும்மா சீட்டு? உங்க லாட் மொத தரம், ஃபர்ஸ்ட் செலக்‌ஷன். உங்க ரத்தக்குழாய் மாதிரி இந்த ஜில்லாவுலயே கிடையாது."

"என்னை யாரும் டெஸ்டே பண்ணலீங்களே."

"உங்களை ஏம்மா பண்ணணும்? சாம்பிளைப் பண்ணாச்சு."

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். டேனரியில் நூற்றுக்கணக்கான தோல் ஒரே டிரம்மில் உருளும். வெளியே வந்ததும் எல்லாவற்றையும் வெட்டிச் சோதித்தால் விற்பதற்கு எது மிஞ்சும்? லாட்டுக்கு ஒரு தோலை எடுத்து வெட்டிப் பார்ப்பார்கள். அது தேறினால் லாட் தேறியது. ஒரே டிரம், ஒரே பதம், ஒரே தரம். மனிதர்களுக்கும் வாரியம் அதையே செய்தது. ஒரே ஷெட், ஒரே டீ, ஒரே இரத்தக்குழாய். ஏழாம் லாட்டுக்கு ஜியாவுல்லா சாம்பிள். அவருடைய எண் இதுவரை எந்த மெஷினும் காட்டாத எண். தலைவரே அதை மேடையில் உயர்த்திக் காட்டியிருக்கிறார்.

"எனக்கு வலிக்குதே சார்."

"அது உங்க சொந்த விஷயம். உங்க ரத்தக்குழாய்க்கு வலி இல்லை."

"ஒரு தரம் என்னை டெஸ்ட் பண்ணிப் பாருங்க சார். கால்ல வேணாலும் விழறேன்."

"விதிப்படி சாம்பிளைத்தான் மறுசோதனை பண்ண முடியும். போய் ஜியாவுல்லாவைக் கூட்டியாங்க. நாளைக்கு அஞ்சு மணிக்கு மறுசோதனை கவுண்டர் மூடுது."

திரும்பிப் போக இருந்தவளை அவர் நிறுத்தினார். "மாடி ஏறி வந்ததுக்கு மூச்சு வாங்குதே, டீயை ஒழுங்காக் குடிக்கிறீங்களா இல்லையா?"

*

பஸ் ஸ்டாண்டிலிருந்து சின்னசாமிக்குப் போன் போட்டாள். டேனரியில் டிரம் ஓட்டுகிற ஆள், ஏழாம் லாட்டுக்குத் தலைவர் மாதிரி. ஜியாவுல்லா வாணியம்பாடி பஸ் ஏறப் போயிருக்கிறார் என்று காலையில் சொன்னதும் அவர்தான்.

"அவர் இல்லீங்கண்ணா. வேற ஆளு."

"அப்படியா? அடடா. இப்பதான் யார்டு பக்கம் வந்தாரு. ஓடியா, ஓடியா."

ஓட முடியவில்லை. ஆட்டோவில் போனாள். டிரம் யார்டில் யாரும் இல்லை. மரப் பீப்பாய்கள் கிழட்டு யானைகளைப் போல முனகிக்கொண்டு தாமாகவே உருண்டுகொண்டிருந்தன. சுவரோரம் வரிசையாக ரப்பர் பூட்ஸ். ஒரு ஜோடியின் மேல் சாக்பீஸில் ஜியாவுல்லா என்று எழுதியிருந்தது. குனிந்து தொட்டாள். ஈரம். உள்ளே சூடு கூட ஆறவில்லை.

"பாய்!" என்று கூப்பிட்டாள். "ஜியாவுல்லா பாய்! ஒரே ஒரு நிமிசம் வந்துட்டுப் போயிடுங்க பாய்!"

பீப்பாய்கள் முனகின.

சின்னசாமி மறுபடியும் போனில் வந்தார். "பூட்ஸைக் கழட்டிட்டு பிரியாணி கடைக்குப் போய்ட்டாராம்மா. ஜஸ்ட் மிஸ்ஸு."

கடையில் தேக்சாப் பாத்திரத்தின் வாயைத் துணி போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார் மாஸ்டர். ஜியாவுல்லா பெயரைச் சொன்னதும் அவர் கை நின்றது.

"யாரு உங்களை இங்க அனுப்புனது?"

"சின்னசாமியண்ணன். பாய் இப்பதான் இங்க வந்தாருன்னு..."

மாஸ்டர் துணியை இறுக்கி முடிச்சுப் போட்டார். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "ரெட்டித்தோப்புல பள்ளிவாசலுக்குப் பின்னாடி பச்சைக் கதவு. அங்க போய்க் கேளுங்க. என்கிட்ட கேட்காதீங்க."

*

கதவைத் திறந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். பெயர் ஜஹீதா.

"ஜியாவுல்லா பாய் வீடுதானேம்மா? அவரைப் பார்க்கணும். ரொம்ப அவசரம். என் உசுரு போற விஷயம்."

ஜஹீதா அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"அவர் ரம்ஜானுக்கு முன்னாடியே மவுத்தாயிட்டாரும்மா."

சுந்தரி டம்ளரைக் கீழே வைத்தாள். சுவர் அலமாரியில் வாரியத்தின் முத்திரை போட்ட கிரீன் டீ டப்பாக்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. மேலே இருந்த டப்பாவில் இந்த மாதத் தேதி.

"இன்னும் அனுப்பறாங்களா?"

"மாசாமாசம் ஒரு ஆள் வந்து வெச்சுட்டுப் போறாரு. செத்துட்டாருப்பான்னு சொன்னேன். அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லம்மா, எங்களுக்கு டெலிவரி மட்டும்தான்னு சொல்லிட்டாரு."

"ஆனா... நேத்துகூட ஆஜர் சொன்னாரேம்மா! தெனமும் சொல்றாரே! மூணு மணிக்கு ஜியாவுல்லான்னு கூப்பிடுவாங்க, இருக்கேன்னு சத்தம் வரும். என் காதால கேட்டிருக்கேன்!"

அந்த அம்மாள் பயப்படவில்லை, அழவில்லை. சேலைத் தலைப்பை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"குரல் எப்படி இருந்துச்சு?"

"இன்னாம்மா கேட்கறீங்க?"

"கொஞ்சம் சளி கட்டுன மாதிரி இருக்கும் அவருக்கு. பேசறதுக்கு முன்னாடி ஒரு தரம் கனைப்பாரு. கனைச்சாரா?"

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டைத் தாண்டியிருந்தது. ஜஹீதா எழுந்து ஆணியில் தொங்கிய புர்காவை எடுத்தாள்.

"நானும் வர்றேன். ஒரு தரம் கேட்டுட்டு வந்துடறேன்."

*

மூன்று மணி. ஏழாம் லாட் வரிசையில் நின்றது. ஜஹீதாவை வாசல் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, சுந்தரி தன் இடத்துக்குப் போனாள். ஒலிபெருக்கி கரகரத்தது.

"சுந்தரி?"

"இருக்கேன்."

"ஜியாவுல்லா?"

இந்த முறை சுந்தரி முன்கூட்டியே திரும்பி நின்றிருந்தாள். பின்வரிசையில் சின்னசாமி டம்ளரை வாய்க்கு நேராகத் தூக்கி, அதற்குள் குரலை மாற்றிச் சொன்னார்.

"இருக்கேன்."

தூணோரத்திலிருந்து ஜஹீதா வந்தாள். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. அவள் சின்னசாமியின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இது அவர் குரல் இல்ல," என்றாள் சுந்தரியிடம். கடையில் வாங்கிய துணி சாயம் போகிறது என்று சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

சின்னசாமியின் டம்ளர் கீழே விழுந்தது. "பாபி... தப்பா நினைக்காதீங்க. ஆளுக்கு ஒரு நாள் சொல்றோம். முறை வெச்சு."

"ஏண்ணா?" என்றாள் சுந்தரி. "பூட்ஸை ஈரம் பண்ணி வெச்சதும் நீங்கதானா?"

"நான் போட்டுக்கிட்டு வேலை செய்யறேன். சாம்பிள் ஆள் வேலைக்கு வராத மாதிரி தெரியக் கூடாதில்ல?" சின்னசாமி குரலைத் தாழ்த்தினார். "சாம்பிள் போயிடுச்சுன்னா லாட் கேன்சலாயிடும் சுந்தரி. திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஒரு நாளைக்கு அஞ்சு டம்ளர் டீ. வெள்ளிக்கிழமை பிரியாணி கிடையாது. அவிச்ச கொள்ளு மட்டும்தான். ஃபர்ஸ்ட் செலக்‌ஷன் லாட்டுக்கு மட்டும்தானே கம்பெனி கேட்டுக்குள்ள பிரியாணி அலவ் பண்றாங்க?"

வரிசை முழுதும் தலையசைத்தது. பருமனான, நல்ல, வேர்த்து வழிகிற முகங்கள். ஒரு மனிதரைச் செத்த பிறகும் உயிரோடு வைத்திருக்க இத்தனை பேர் இவ்வளவு ஒற்றுமையாக உழைத்ததைச் சுந்தரி அதற்கு முன் பார்த்ததில்லை.

"எனக்கு வலிக்குதுன்னு தெரியுமில்லண்ணா?"

ஒலிபெருக்கி அடுத்த பெயரைக் கூப்பிட்டது.

*

தலைவர் ஜெயப்பிரகாஷ் விஷயத்தைக் கேட்டு அதிர்ச்சி அடையவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எதிரே சுந்தரி, ஜஹீதா. ஏழாம் லாட் வராந்தாவில்.

"அம்மா, உட்காருங்க. உங்க கணவருக்கு வாரியத்தின் ஆழ்ந்த அனுதாபம். ஆனா உணர்ச்சிவசப்படாம பாருங்க. தோல்ல சாம்பிள் எடுக்கிறோம். வெட்டறோம், இழுக்கறோம், கிழிக்கறோம். சோதனை முடிஞ்சதும் அந்தத் துண்டு இருக்குமா? இருக்காது. ரிசல்ட் இருக்கும். துண்டு தீர்ந்து போச்சேன்னு ரிசல்ட்டைக் கிழிச்சுப் போட முடியுமா? அப்புறம் ஏற்றுமதியே நடக்காதே!"

"அவர் துண்டு இல்ல சார்," என்றாள் ஜஹீதா.

"நிர்வாகத்துக்காகச் சொன்னேன். இன்னொண்ணு சொல்றேன், பெருமைப்படுவீங்க. அவர் ரிசல்ட்டு அன்னிக்கு எடுத்தபடியே இருக்கு. இத்தனை மாசத்துல ஒரு புள்ளிகூடக் கெடலை. உயிரோட இருக்கிறவங்க யாராலயாவது அப்படி இருக்க முடியுமா? நாளைக்கு ஒரு வடை சாப்பிட்டாக் கெட்டுப் போறவங்கதானே நாமெல்லாம்? வாரியத்தைப் பொறுத்தவரைக்கும் அவர் நிரந்தர உறுப்பினர்."

சுந்தரி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தாடைக் கயிறு இன்னொரு சுற்று முறுக்கியது.

"சாம்பிள் தீர்ந்து போச்சுன்னா வேற துண்டு வெட்டுவீங்கதானே சார்?"

"தேவைப்பட்டா."

"அப்ப என்னை வெட்டுங்க."

தலைவர் யோசித்தார். இத்தனை மாதம் வாரியத்தின் டீ இறங்கிய உடம்பு. எண் நன்றாகத்தான் வரும். பத்திரிகைக்காரர்களையும் கூப்பிடலாம்.

"பேஷா," என்றார். "தேவசகாயம்!"

டெக்னீஷியன் தேவசகாயம் வந்தான். முப்பது வயது இளைஞன். சோதனை அறைக் கதவைத் திறக்கச் சொன்னதும் அவன் முகம் மாறியது. "அந்த ரூமா சார்? பக்கத்து ரூம்ல வெச்சுக்கலாமே."

"மெஷின் அங்கதானேய்யா இருக்கு? திற."

கதவைத் திறந்தபோது உள்ளிருந்து பூட்டிக் கிடந்த குளிர்ச்சி வந்தது. ஒரு மெஷின். ஒரு நாற்காலி. அதன் மேல் பழைய படுக்கை விரிப்பு போர்த்தியிருந்தது. தேவசகாயம் அதை இரண்டு விரலால் எடுத்தான். தலைவர் வாசற்படியைத் தாண்டவில்லை. வராந்தாவில் நின்ற ஏழாம் லாட் ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டது.

"சுந்தரி, நல்லா மூச்சு விடும்மா," என்று கெஞ்சினார் சின்னசாமி. "சந்தோசமான விஷயமா நினைச்சுக்கோ. ரிசல்ட்டு கெட்டுப் போயிடப் போவுது."

"நீங்க சும்மா இருங்கண்ணா!" என்று கத்தினாள் ஹீனா. லைனை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். "பிரியாணிக்குப் பொறந்தவங்களா நீங்கெல்லாம்?"

சுந்தரி நாற்காலியில் உட்கார்ந்தாள். காரணமில்லாமல் அவளுக்குக் குளிரெடுத்தது. யாரோ எழுந்து போன இடம் சூடாக இருக்கும். இது வேறு மாதிரி. யாரோ எழுந்திருக்காமலே இருக்கிற இடம் போல இருந்தது. தேவசகாயம் அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றினான். கை மரத்தது. காற்றை இறக்கியதும் இரத்தக்குழாய் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று மெஷின் பார்க்குமாம். துடிப்புக்குத் துடிப்பு அது 'டிக்' என்றது. டிக். டிக். பிறகு டிக்குகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி விழுந்தன. மெஷின் கத்தத் தொடங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது. சுந்தரியின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டுச் சொட்டாக மடியில் விழுந்தது. அவள் தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது.

"நிறுத்துய்யா!"

தலைவர் ஜெயப்பிரகாஷின் குரல்தான் அது. யாரும் கேட்டிராத குரல்.

"எழுந்திரும்மா! மொதல்ல அந்த நாற்காலியை விட்டு எழுந்திரு! தேவசகாயம், தூக்குய்யா அவங்களை! வேணாம், இன்னொரு தரம் வேணாம்!"

அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டுப் புத்தகத்தை உருவி, சுவரில் வைத்தே கையெழுத்துப் போட்டார். பெயர் எழுதவில்லை, காரணம் எழுதவில்லை, லாட் எண் எழுதவில்லை. அந்த வாரியத்தில் அத்தனை வேகமாக ஒரு காகிதம் அதற்கு முன் நகர்ந்ததில்லை.

"என் வண்டியைக் கொண்டுபோ. ஸீட்டு பாழாயிடும், வேணாம். டீ வண்டியைக் கொண்டுபோ. போ, போ!"

*

வாரியத்தின் டீ வண்டி நெடுஞ்சாலையில் வேலூரை நோக்கிப் பறந்தது. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே விரித்த சாக்கில் சுந்தரி படுத்திருந்தாள். ஜஹீதா அவள் தலையை மடியில் வைத்திருந்தாள். கால்மாட்டில் ஹீனா, கையில் சீட்டை விடாமல் பிடித்தபடி. முன் ஸீட்டில் டிரைவர் பக்கத்தில் தேவசகாயம். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. நாக்குக்கு அடியில் வைக்க அவன் கொடுத்த மாத்திரை கரைந்து, தாடைக் கயிறு கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"வாசல்லயே ஸ்ட்ரெச்சரோட நிக்கிறாங்களாம்க்கா," என்றான் தேவசகாயம். "பள்ளிகொண்டா டோல்கேட் வந்துடுச்சு. இன்னும் கொஞ்ச தூரம்தான். கண்ணை மூடாதீங்க."

சுந்தரி கண்ணை மூடவில்லை. அவள் மனசு அந்த அறையிலேயே நின்றுகொண்டிருந்தது.

"தலைவரு ஏன் தம்பி அப்படிப் பதறுனாரு?"

அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜஹீதா கேட்டாள். "தம்பி, இவங்களுக்கு மெஷின் அந்தக் கத்து கத்துச்சே. அவருக்கும் அப்படித்தான் கத்துச்சா?"

"இல்லம்மா."

"அதான் சொன்னாங்க. டெஸ்ட் நல்லபடியா முடிஞ்சுதாம். வெளிய வந்து செருப்பைப் போடறப்பதான் மயக்கம் வந்துச்சாம். ரத்தக்குழாய் நல்லாத்தான் இருந்துச்சு, காலம் முடிஞ்சு போச்சுன்னு தலைவரு வூட்டுக்கே வந்து சொன்னாரு. அதுல எனக்கு ஒரு ஆறுதல்."

"எவ்ளோ வந்துச்சு தம்பி?" என்றாள் சுந்தரி. "எந்த மெஷினும் காட்டாத நம்பர்னு ஜன்னல்ல சொன்னாங்களே. அது எவ்ளோ?"

"பூஜ்யம்."

"விறைப்பு பூஜ்யம்னு வருமா?"

"உசுரோட இருக்கிறவங்களுக்கு வராதுக்கா." தேவசகாயம் அப்போதுதான் திரும்பினான். சுந்தரியைப் பார்க்கவில்லை, ஜஹீதாவைப் பார்த்தான். "அவர் வெளிய வரவே இல்லம்மா. நான் பட்டையைச் சுத்திக்கிட்டு இருக்கும்போதே அந்த நாற்காலியிலயே போய்ட்டாரு. வெளிய மேடை போட்டு எல்லாரும் ரிசல்ட்டுக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்க. மெஷினை அதுக்கப்புறம்தான் ஆன் பண்ணச் சொன்னாரு தலைவரு."